பச்சை ஒயர்

பேஸ் கிடாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தி மீட்டினால் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் துடிப்பது 50 ஹெர்ட்ஸில். அதனால் ஆம்ப் எர்த் தகராறில் 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தால், பேஸ் வாசிக்கிறவன் காதுக்கு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூன்றாம் கட்டத்தையே சுருதி கொஞ்சம் பிசகி, மூச்சு விடாமல் வாசிக்கிற மாதிரி இருக்கும். பாட்டு எந்த சுருதியில் போனாலும் அது அதே இடத்தில் நிற்கும். நான் வாசிக்கும் சுரத்துக்கு மேலேயே ஏறி உட்காரும். அந்த முனகலை நிறுத்த நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். ரேடியோவில் இளையராஜா பாட்டு போனால் எல்லோரும் பாடகரைக் கேட்பார்கள், நான் அடியில் ஓடும் சசிதரனின் பேஸைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஆசையில் கிடார் கற்று, மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கப் போய், கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் திருநாள் என்று வடசென்னையிலிருந்து ஆந்திர எல்லை வரை சுற்றியிருக்கிறேன். ஆம்ப் வாங்க மூன்று வருடம் சேர்த்தேன். பழைய ஆம்ப்தான். ஆனாலும் அது என்னுடையது.

கடலோரத்தில் வாசிக்கிறவனுக்குப் பழுது பார்க்கத் தெரியாமல் முடியாது. உப்புக் காற்று எதையும் விடாது. கேபிள் முனை பச்சை பூக்கும், வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். பேட்டரி போட்ட கிடாரில் கேபிளைச் சொருகியபடியே விட்டுவைத்தால் 9 வோல்ட் பேட்டரி வீணாகக் காலியாகி, சத்தம் கிழிந்துபோய் வரும். பெடல்களுக்கான அடாப்டரில் நடுமுனை பெரும்பாலும் மைனஸ். அது தெரியாமல் வேறு அடாப்டரை மாட்டி ஒரே நொடியில் பெடலைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். என் வழி எளிது. சத்தம் வரும் பாதையைப் பாதியில் வெட்டிப் பார்ப்பேன். கிடாரை நேராக ஆம்ப்பில் சொருகி, சரியாக வந்தால் கோளாறு பெடலில். வராவிட்டால் ஆம்ப்பில், அல்லது என் கையில் இருக்கும் கேபிளில். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். குழுவில் யாருடைய பொருள் கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தபோதுதான் அந்த முனகல் முதன்முதலாக வந்தது. என் ஆம்ப்பிலிருந்து மைக் செட்டுக்காரரின் மிக்சருக்கு ஒரு கேபிள் போகும். ஆம்ப் மேடைக்குப் பக்கத்து பிளக் பாயின்டில், மிக்சர் மண்டபத்தின் அந்தக் கோடியில் இன்னொரு பாயின்டில். இரண்டுக்கும் எர்த் தனித்தனி. அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசம், நடுவில் ஓடும் கேபிளின் மேலுறை வழியாகப் பாய்ந்து 'ம்ம்ம்' என்று கேட்கும். இது எனக்கு இன்றைக்குத் தெரிகிற விளக்கம். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், பெண் வீட்டுப் பெரியவர் மேடையைப் பார்த்து முகம் சுளித்தார் என்பது மட்டும்தான். பக்கத்தில் இருந்த கீபோர்டுக்காரர், "எர்த்தைக் கழட்டி விடுங்க, போயிடும்" என்றார். பிளக்கைத் திறந்து, நடுவில் இருந்த பச்சை ஒயரைக் கழற்றி, மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, மூடினேன். முனகல் கத்தியால் அறுத்த மாதிரி நின்றது.

அதன் பிறகு மூன்று வருடம் அந்த பிளக்கை நான் திறக்கவில்லை. திறந்தேன் என்பதே மறந்துபோனது. எந்த ஊரில் யாருடைய ஆம்ப் முனகினாலும் என்னுடையது முனகாது. "பார்த்து வாங்கணும்" என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. மிக்சருக்குக் கேபிள் போகாத சின்னச் சின்னக் கச்சேரிகளில், கிடாரைப் பிடித்துக்கொண்டு கோரஸ் பாட மைக்குக்குப் பக்கத்தில் போனால் உதட்டில் சுள்ளென்று இருக்கும். எறும்பு கடித்த மாதிரி. மைக் செட்டைக் குறை சொன்னேன். பிறகு மைக் மேல் மாட்டுகிற பஞ்சு உறை ஒன்று வாங்கிவைத்துக்கொண்டேன். அதை மாட்டினால் உதட்டில் சுள்ளென்பது நின்றுவிடும்.

2011 ஆடி மாதம் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் அம்மன் திருவிழா. குப்பத்தின் பெயர் வேண்டாம். பொன்னேரி தாண்டி வேன் போகப் போக, காற்றில் ஈரமும் கருவாட்டு வாசமும் கூடிக்கொண்டே வரும். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கோட்டை கட்டியிருக்கிறார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு காவல் நிற்கும். முன்பு வந்தபோதெல்லாம் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நிற்கவில்லை, மழை வரும்போல இருந்தது.

சவுக்குக் கட்டை நட்டு, பலகை போட்டு மேடை அமைத்திருந்தார்கள். கரண்டு பக்கத்துச் சமுதாயக் கூடத்திலிருந்து. அந்த ஊர் ஒயர்மேன் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டி, காதில் டெஸ்டர் செருகியிருப்பார். நாங்கள் இறங்கும்போது ஒரு மழை அடித்து ஓய்ந்தது.

ஆம்ப்பைப் போட்டேன். சத்தம் வந்தது, தேய்ந்தது, ஓங்கி ஒரு கம்பியை இழுத்தால் திரும்ப வந்தது, மறுபடி தேய்ந்தது. குழுவில் எல்லோர் முகமும் வாடிவிட்டது. எனக்கு உள்ளூர சந்தோஷம். இது எனக்குத் தெரிந்த நோய். ஆம்ப்பின் பின்பக்கம் பெடல்களுக்காக 'செண்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளைகள் இருக்கும். அதில் எதுவும் சொருகாதபோது உள்ளே ஒரு சின்னத் தகடு ஒட்டிக்கொண்டு சத்தத்தைக் கடத்திவிடும். உப்புக் காற்று பட்டால் அந்தத் தகட்டில் படலம் படரும். ஒரு சின்னக் கேபிளை எடுத்து செண்டிலிருந்து ரிட்டர்னுக்குப் போட்டேன். பேஸ் இடி மாதிரி வந்தது. பிறகு கிளீனர் ஸ்பிரே அடித்து, முனையை இருபது முறை சொருகிச் சொருகி எடுத்துத் துடைத்தேன். கூட்டமாக நின்று பார்த்த குப்பத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதில் ஒரு பையன், பன்னிரண்டு பதிமூன்று வயது, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். நான் வாசிக்க வாசிக்க அவன் முகம் மலர்ந்தது.

"இது காதுல கேக்கலண்ணா, வவுத்துல கேக்குது" என்றான்.

பேஸைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. "வாசிக்கிறியா?" என்றேன். மேடையிலிருந்து குனிந்து, கீழே நின்ற அவன் தோளில் கிடாரை மாட்டினேன். மேடையில் நான் ரப்பர் செருப்போடு காய்ந்த பலகைமேல் நின்றிருந்தேன். அவன் வெறுங்காலோடு ஈர மணலில் நின்றான். மிக்சருக்குப் போகும் கேபிளை அப்போது இன்னும் மாட்டவில்லை.

இடது கையால் கழுத்தைப் பிடித்தான். கம்பிகளைச் சேர்த்து இறுக்கினான்.

முதலில் அவன் ஆடுகிறான் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகள் கிடார் கிடைத்தால் சினிமாவில் வருகிற மாதிரி உடம்பை ஆட்டுவார்கள், அப்படி. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கை கிடாரை விடவில்லை. மைக் செட்டுப் பையன் ஒருவன்தான் புரிந்துகொண்டு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். பையன் அப்படியே மடங்கி விழுந்தான். கிடாரும் அவனோடு விழுந்தது.

அந்த நொடியில் என் கண் முதலில் போனது கிடாரின் மேல். உடைந்துவிட்டதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பையனைப் பார்த்தேன். இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

மூச்சு இருந்தது. நினைவு தப்பியிருந்தது. எங்கள் வேனிலேயே அவனைப் போட்டுப் பொன்னேரிக்கு ஓட்டினார்கள். உள்ளங்கையில் கம்பி கம்பியாகத் தீக்காயம். வண்டி கிளம்பியதும் ஊர் முழுக்க மேடையைச் சுற்றி நின்றது. நடந்தது என்ன என்று யாருக்காவது சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க லைன்ல எர்த்தே இல்ல. கூடத்து ஒயரிங் சரியில்ல" என்றேன்.

உரக்கச் சொன்னேன். ஒயர்மேன் காதிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான்ங்க குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் எறக்கி எர்த் குடுத்தேன்" என்றார். யாரும் கேட்கவில்லை. அவருக்கு அந்தத் திருவிழாவுக்குப் பேசியிருந்த கூலியை ஊர்ப் பஞ்சாயத்து நிறுத்திவைத்தது. கச்சேரி நடக்கவில்லை. ராத்திரி ஒரு லாரியைப் பிடித்துச் சாமான்களோடு வீடு வந்து சேர்ந்தோம்.

பையன் பிழைத்துவிட்டான் என்று விடியற்காலையில் போன் வந்தது. அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை. ஆம்ப்பைக் கூடத்தில் வைத்துப் பின்பலகையைக் கழற்றினேன். கரண்டு ஒயர் உள்ளே நுழையும் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தது. வருடக்கணக்காக வேனில் ஆடி ஆடி, சிவப்பு ஒயரின் தோல் தகட்டு விளிம்பில் அறுபட்டு, உள்ளே செம்பு மினுங்கியது. அது தகட்டைத் தொட்டால் ஆம்ப்பின் உடம்பு முழுக்கக் கரண்டு. ஆம்ப்பின் உடம்பிலிருந்து கேபிளின் மேலுறை வழியாகக் கிடாரின் கம்பிக்கு வரும். அதுவரைக்கும் புரிந்தது. ஆனால் எர்த் இருந்தால் அந்த நொடியே போர்டில் ஃபியூஸ் போயிருக்க வேண்டுமே. ஊர்க்காரர்களின் எர்த்தான் சரியில்லை என்று மறுபடியும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது பிளக் கையில் இருந்தது. மூன்று முள். மேலே உள்ள எர்த் முள் மற்ற இரண்டையும்விடத் தடிப்பும் நீளமும். சொருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் அது விட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. எதற்கு அதைத் திருகினேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் திறந்தாயிற்று, இதையும் பார்ப்போம் என்று இருக்கலாம்.

மூடி கழன்றது. சிவப்பு ஒயர் அதன் இடத்தில், கறுப்பு அதன் இடத்தில். மேல் முள்ளில் எதுவும் இல்லை. பச்சை ஒயர் உள்ளேயே சுருண்டு மடங்கிக் கிடந்தது. அதன் நுனியில் கறுப்பு டேப். பசை கசிந்து, ஓரத்தில் தூசி பிடித்திருந்தது. டேப்பின் கடைசிச் சுற்றை நான் எப்போதும் சாய்வாக இழுத்து, நுனியை உள்ளே மடித்து விடுவேன், பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று. அந்த நுனி மடிந்திருந்தது.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபம், பெண் வீட்டுப் பெரியவர், கீபோர்டுக்காரர் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உதட்டில் சுள்ளென்றதும் பஞ்சு உறையும் நினைவுக்கு வந்தது. கடைசியாக, கையில் டெஸ்டரோடு நின்ற ஒயர்மேன்.

உடனே புறப்பட்டுப் போய்ச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. பதினோரு நாள் போகவில்லை. கரண்டைப் பற்றி அந்தப் பதினோரு நாளில் நிறையப் படித்தேன். ஈர உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 230 வோல்ட் அதில் 230 மில்லி ஆம்பியரைத் தள்ள முடியும், 30ஐத் தாண்டினாலே இதயம் தாளம் தப்பலாம். 1972 மே 3ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்திருக்கிறார் என்று படித்தேன். மூன்று வருடம் என்னைக் காப்பாற்றியது மிக்சருக்குப் போன அந்த ஒற்றைக் கேபிளின் மேலுறை என்பதும் அப்போதுதான் புரிந்தது. பெரும்பாலான கச்சேரிகளில் ஆம்ப்புக்கு எர்த்தாக இருந்தது அதுதான். அன்றைக்கு அது மாட்டப்படவில்லை. ஏரிக்கரையில் ஒயர்மேன் இறக்கிய குழாய் நல்ல எர்த். உப்புத் தண்ணீர் ஊறிய மணல் அதைவிட நல்ல எர்த். அந்த ஊரில் எர்த் இல்லாத இடம் என் பிளக்குக்குள் மட்டும்தான்.

பன்னிரண்டாம் நாள் பஸ் ஏறினேன். பிளக்கைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். முதலில் பையன் வீடு. அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான், கையில் கட்டு. அவன் அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் நிமிராமலேயே கேட்டுக்கொண்டார். நான் ரூபாயை எடுத்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவன் அம்மாதான் பேசினார்.

"ஆஸ்பத்திரில ரெண்டு நாள் இருந்தோம் சார். அந்த நாள்தான் எங்க பாடு."

பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாளில் ஒரு குடும்பம் நல்ல இடத்தில் இறால் பார்க்கும். அது தவறினால் தவறியதுதான், அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு நான் செய்த நஷ்டம் என்ன என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

பிறகு ஒயர்மேனைத் தேடிப் போனேன். ஒரு டீக்கடைக்குப் பின்னால் மோட்டார் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும், "அந்த பிளக்க குடு தம்பி" என்றார். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்தார். பச்சை ஒயரை விரல்நுனியால் தொட்டார். மறுபடி மூடினார்.

"மூணு முள்ளும் இருக்குதேப்பா. வெளியிலேர்ந்து பார்த்தா எனக்கே தெரியாது" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் சொல்கிற மாதிரி சொன்னார். அன்று சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கூலியைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடத் திருவிழாவுக்கு வேறு ஊர் ஆளுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அதை என்னால் திருப்ப முடியவில்லை.

எட்டு மாதம் நான் கிடாரைத் தொடவில்லை. பையனின் கைக்காயம் ஆறியது, தழும்பு இருக்கிறது. இப்போது அவன் அப்பாவோடு ஏரிக்குப் போகிறான். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் வாசிக்கப் போனபோது வந்திருந்தான். "வாசிக்கிறியா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. தூரத்தில், வேலியோரம் நின்று கேட்டுவிட்டுப் போனான்.

முனகலை நிறுத்த நல்ல வழிகள் இருக்கின்றன. ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே போர்டிலிருந்து எடுத்தாலே பாதி நேரம் அது போய்விடும். போகாவிட்டால் நடுவில் டிஐ பாக்ஸ் வைத்து, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் போதும். அது சத்தம் போகும் கேபிளின் மேலுறையைத்தான் பிரிக்கும், கரண்டு பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி ஒன்றை என் ஜங்ஷன் பாக்ஸிலேயே வைத்திருக்கிறேன். அந்த மண்டபத்தில் இவற்றில் முதல் வழிக்கு எனக்கு வேண்டியிருந்தது பதினைந்து மீட்டர் ஒயர்.

அந்த பிளக் இன்னும் என் கிடார் பெட்டியில் இருக்கிறது, டேப்போடு. "எர்த்தைக் கழட்டிட்டா சத்தம் போயிடும்ணா" என்று இப்போதும் மேடைக்கு மேடை இளைஞர்கள் சொல்கிறார்கள். எடுத்து அவர்கள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்வேன். நீங்களும் ஆம்ப் வைத்திருக்கிறவராக இருந்தால், முக்கியமாகப் பழையதாக வாங்கியிருந்தால், இன்றைக்கு உங்கள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் திறந்து பாருங்கள். ஒரே ஒரு ஸ்க்ரூதான்.